டாக்டர் அறைக்குள் காத்திருப்போர் பெஞ்சு இருக்க வேண்டுமா? கிளினிக்கைச் செப்பனிடும் முன் ஓர் ஆலோசனை

அம்மாப்பேட்டை_மருமகள் கேட்டிருப்பது:

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் என் மாமனார் நடத்தி வரும் கிளினிக்கின் நிர்வாகத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். அவர் பொது மருத்துவர். காலையில் கூட்டம் குறைவு; மாலையில் தெருவரை நிற்பார்கள். தறி ஓட்டும் குடும்பங்களும், வெள்ளிப் பட்டறைகளில் வேலை செய்பவர்களும்தான் அதிகம். மழைக்குக் கூரை ஒழுகுவதால் தை பிறந்ததும் கட்டடத்தைச் செப்பனிடப் போகிறோம். எப்படியும் சுவரில் கை வைக்கத்தான் போகிறோம் என்பதால், வருகிறவர்கள் கூச்சமில்லாமல் வந்துபோக என்னென்ன மாற்றலாம் என்று இப்போதே கேட்டுவிட நினைக்கிறேன்.

இடம் சிறியது. தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் காத்திருக்கும் கூடம்; அதன் மூலையில் டோக்கன் மேசையும் எடை பார்க்கும் இயந்திரமும். அடுத்தது டாக்டர் அறை, அதை ஒட்டி ஊசி போடும் அறை, பின்னால் கழிவறை. பக்கத்து மருந்துக்கடையின் ஜன்னல் எங்கள் கூடத்தைப் பார்த்துத்தான் திறக்கிறது.

டாக்டர் அறைக்குள் சுவரோரமாக ஒரு பெஞ்சு கிடக்கிறது. ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மூன்று டோக்கன்காரர்களை உள்ளே அழைத்து அதில் உட்கார வைத்துவிடுவது பல காலமாக இருக்கும் வழக்கம். இதை எடுத்துவிடலாமா என்று கேட்டால், மாமனார் இரண்டு காரணங்கள் சொல்கிறார். ஒன்று, ஒவ்வொருவராக அழைத்தால் இரவு பத்து மணிக்கும் முடியாது. இரண்டு, வருகிறவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துக்காரர்கள். ஒருவர் வீட்டு விஷயம் அடுத்தவருக்குத் தெரியாததா என்ன என்பது.

நான் டோக்கன் மேசையில் உட்கார்ந்து பார்ப்பது வேறாக இருக்கிறது. பெண்கள் சிலர் உள்ளே போய் ‘உடம்பு அசதியாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி மருந்து வாங்கி வந்துவிட்டு, பிறகு என் பக்கம் குனிந்து, மாதவிலக்கு நிற்காமல் போவதையோ வேறு தொந்தரவையோ மெதுவாகச் சொல்லி, ‘டாக்டரிடம் நீயே சொல்லிவிடு, தாயி’ என்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. அவர்கள் சொன்னதை உள்ளே போய் ஒப்பிக்கும்போதும் அந்தப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

பெரிய மருத்துவமனை போல ஆக்கப் பணமும் இல்லை, விருப்பமும் இல்லை. முதலில் எதில் கை வைக்கலாம் என்பதுதான் கேள்வி.

---

குழித்தறி எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மாமனார் சொல்லும் இரண்டாவது காரணத்தைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். எல்லாரும் தெரிந்தவர்களாக இருப்பதுதான் இங்கே சிக்கலே. முன்பின் தெரியாத நால்வருக்கு நடுவில் ஒருவன் தன் நோயைச் சொல்லிவிடுவான். பக்கத்துத் தறிக்காரனும் சீட்டுப் பிடிக்கும் அக்காவும் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல மாட்டான்.

எங்கள் தொழிலில் நாள் முழுக்கக் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தபடியே வேலை. மூலத் தொந்தரவு உள்ளவர்கள் தெருவுக்குத் தெருவு இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பக்கத்து கிளினிக்கை விட்டுவிட்டு, பேருந்து மாறிச் சூரமங்கலத்துக்கோ கொண்டலாம்பட்டிக்கோ போய் வைத்தியம் பார்க்கிறார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அங்கே இருக்கும் டாக்டர் உங்கள் மாமனாரைவிடக் கெட்டிக்காரர் என்பதால் அல்ல, அங்கே தெரிந்த முகம் இருக்காது என்பதால் போகிறார்கள். ஒரு நாள் கூலியும் போய், பாதியில் வைத்தியத்தை நிறுத்திவிடுவதும் உண்டு.

வரன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நீண்ட நாளாக இருமல் என்று டாக்டர் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சோதனையில் ஒன்றும் இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் எழுதிக் கொடுத்தது அன்று உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழுந்துவிட்டதால், முடிவு வருவதற்கு முன்பே தெருவெல்லாம் பேச்சு பரவிவிட்டது. இது உங்கள் கிளினிக்கில் நடந்ததல்ல, எங்கும் நடக்கக்கூடியது.

பெஞ்சை எடுத்தாலும் மருந்துக்கடை ஜன்னலை அப்படியே விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடியும். கடைப் பையன் மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்து, ‘இது உள்ளே வைக்கிறது, விழுங்கிடாதீங்க’ என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். சுவரில் கை வைக்கும்போது அந்த ஜன்னலை மூடிவிட்டு, வெளியே தெருப்பக்கமாகவோ பக்கவாட்டிலோ திறக்கச் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_செவிலியர் எழுதுகிறார்:

அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெஞ்சைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்; நான் ஊசி அறையைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால், உடுப்பை விலக்க வேண்டிய இடம் அதுதான், பெரும்பாலான கிளினிக்குகளில் அரைக்கதவோ பாதித் திரையோ போட்டு விட்டுவிடும் இடமும் அதுதான்.

திரை போடுவதானால், கூரையை ஒட்டிக் கம்பி அடித்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் மட்டும் விட்டுத் தொங்கும்படி தைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மின்விசிறி இல்லாமல் முடியாது. அந்தக் காற்றில் லேசான துணி பறந்து விலகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. கீழ் மடிப்பில் மெல்லிய இரும்புச் சங்கிலியைக் கோத்துத் தைத்தால் நேராக நிற்கும். துணியின் இரண்டு ஓரங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு முழமாவது ஏற வேண்டும். மாற்றுத் திரை ஒன்று வைத்துக்கொண்டு வாரந்தோறும் துவைத்துப் போடுங்கள்.

படுக்கையில் எப்போதும் துவைத்த போர்வை ஒன்று மடித்திருக்கட்டும். வயிற்றைப் பார்க்க வேண்டுமானால் இடுப்புக்குக் கீழே போர்த்திவிட்டு வயிற்றை மட்டும் திறப்பது, முதுகைப் பார்க்கும்போது முன்பக்கத்தை மூடி வைப்பது போன்றவை செவிலியர் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித்தருபவை. கூட்டம் அதிகமானால் முதலில் மறந்துபோவதும் இவைதான். படுக்கை உயரமாக இருந்தால், முழங்கால் வலியோடு வரும் பாட்டி, பின்னாலிருந்து யாராவது தூக்கிவிட, புடவை விலகி ஏற வேண்டியிருக்கிறது. கைப்பிடி வைத்த இரண்டு படி ஸ்டூல் ஒன்று செய்து போட்டால் அவரே ஏறிவிடுவார்.

பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலும் இது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ‘நர்ஸ் உடன் இருக்கட்டுமா, கூட வந்தவரே இருக்கட்டுமா?’ என்று நோயாளியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கூட வந்தவர் மாமியாராக இருந்தால், மருமகள் நர்ஸைத்தான் விரும்புவாள் என்பது என் அனுபவம்.

சிறுநீர்ச் சோதனைக்குக் குப்பியைக் கையில் ஏந்தியபடி கூடம் முழுவதையும் கடந்து வரச் செய்யாதீர்கள். கழிவறைக்கும் ஊசி அறைக்கும் பொதுச்சுவர் இருந்தால், அதில் ஒரு சிறு மாடம் திறந்து இருபுறமும் கதவு வைத்துவிட்டால் போதும். உள்ளிருந்து வைத்துவிட்டு வந்துவிடலாம். எடை பார்க்கும் இயந்திரத்தையும் கூடத்திலிருந்து உள்ளே தள்ளுங்கள். கல்லூரிப் பெண்ணின் எடையைக் கூடத்துக்கே கேட்கும்படி சத்தமாகப் படிப்பதால் யாருக்கு என்ன பயன்?

---

சூரமங்கலம்_பயணி எழுதுகிறார்:

மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். நோய் சரியாக வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பவைதான் ஏழைக் குடும்பங்கள் கேட்பவை. கண்ணாடிக் கதவு, ஏசி, மென்மையாகப் பேசும் வரவேற்பாளர் என்று இறங்கிய இடங்களில் எல்லாம் ஃபீஸ் இரட்டிப்பானதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரிய டாக்டர் இத்தனை காலம் குறைந்த ஃபீஸில் பார்த்து வந்ததே பெரிய மரியாதை இல்லையா? பெஞ்சை எடுத்ததால் நோயாளிகள் பாதிப் பேராகக் குறைந்து, மீதிப் பேரிடம் கூடுதலாக வாங்க நேர்ந்தால் யாருக்கு லாபம்?

---

ஓமலூர்ப்_பக்கத்து_மருத்துவர் எழுதுகிறார்:

மேலே எழுதியவரின் அச்சம் நியாயமானது; ஆனால் இங்கே யாரும் ஏசி கேட்கவில்லை. ஒரு திரையும் ஒரு மாடமும் ஃபீஸை உயர்த்திவிடாது. நேரம் பற்றிய கேள்விக்குத்தான் ஒழுங்கான பதில் வேண்டும், அதை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

மாலையில் மூன்று மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் ஒருவருக்கு மூன்று நிமிடம் வருகிறது. நோயாளி செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, பையைத் துழாவிப் பழைய மருந்துச் சீட்டைத் தேடி, முழுக்கைச் சட்டையைச் சுருட்டி பி.பி. பார்க்கக் கையை நீட்டுவதற்குள் அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். உள் பெஞ்சு மிச்சப்படுத்துவது நடந்து வரும் அந்தச் சில நொடிகளை மட்டும்தான். மற்றவற்றை அது தொடுவதே இல்லை.

அதற்குப் பதிலாக, டாக்டர் அறைக் கதவுக்கு வெளியே, கூடத்துக்கு முதுகு காட்டியபடி ஒரே ஒரு நாற்காலி போட்டு, குறுக்கே ஒரு தட்டி வைத்துவிடுங்கள். அடுத்த டோக்கன்காரர் அங்கே வந்து உட்கார்ந்ததும், உதவியாளர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்து, காய்ச்சல், பி.பி., எடை ஆகியவற்றைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். உள்ளே போகும்போது நோயாளி தயாராகவும் தனியாகவும் போவார். நான் இப்படித்தான் நடத்துகிறேன். மூடும் நேரம் மாறவில்லை.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. பெஞ்சில் ஆள் இருக்கும்போது ‘அசதி’ என்று மட்டும் சொல்லும் பெண்ணுக்கு நாங்கள் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். மாதாமாதம் அதிக ரத்தப்போக்கு இருப்பதைச் சொல்லியிருந்தால், ரத்தச் சோகைக்கான சோதனையும், தேவையானால் ஸ்கேனும் அன்றே முடிவாகியிருக்கும். சொல்லாததால் அவர் மறுபடி மறுபடி வருகிறார். உண்மையான காரணத்தைத் தனியாகக் கேட்க ஒதுக்காத இரண்டு நிமிடத்துக்காகப் பல நாள் மாலைகளைச் செலவழிக்கிறோம். சர்க்கரை நோயால் வரும் ஆண்மைக் குறைவைப் பெஞ்சுக்கு முன்னால் சொன்ன ஆண் ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கதவை மூடினாலும் குரல் வெளியே வரும். கூடத்து நாற்காலிகளைக் கதவை ஒட்டிய சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். டிவி இருந்தால் மெல்லிய ஒலியில் ஓடட்டும். அது பொழுதுபோக்குக்காக அல்ல, உள்ளே பேசுவது வெளியே புரியாமல் இருப்பதற்காக.

சட்டப்படி உள்ளவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சிறு கிளினிக்கும் பதிவு செய்திருக்க வேண்டும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி கட்டணத்தைப் பலகையில் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும், ‘எவ்வளவுங்க?’ என்று பலர் முன்னால் கேட்டு, கையில் இருப்பது போதாமல் நிற்கும் சங்கடம் இதனால் குறையும். உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருப்பதும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுப்பதும் அதே விதிகளில் இருப்பவை. காசநோயைக் கண்டறிந்தால் தனியார் மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். தெரிவிக்க வேண்டியது அரசுக்குத்தான், கூடத்துக்கு அல்ல. எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் குறியிடுவதும் வெளியிடுவதைப் போன்றதுதான்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. பரிசோதனைக் கூடங்கள் இப்போது முடிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. அவை டோக்கன் போடுபவரின் சொந்தக் கைப்பேசிக்கு வந்தால், அந்தக் கைப்பேசி இரவு அவர் வீட்டில் குழந்தைகள் கையில் இருக்கும். கிளினிக்குக்கென்று தனி எண்ணும் கைப்பேசியும் வைத்து, அது கிளினிக்கை விட்டு வெளியே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

---

நாகலூர்_மிளகு எழுதுகிறார்:

நான் ஏற்காட்டுக்காரன். மலையிலிருந்து சேலத்து கிளினிக்குகளுக்கு வருகிறவர்கள் சார்பில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாப்பேட்டைக்கு எங்கள் ஆட்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் சேலத்தில் எந்த கிளினிக்குக்கும் இது பொருந்தும்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த காய்ச்சல்காரர் பாதி வழியில் வாந்தி எடுத்து, தலை சுற்றலோடுதான் உங்கள் படியேறுவார். முகம் கழுவ ஒரு குழாயும், வெளியூர்ப் பெண்கள் தயங்காமல் போகக்கூடிய, உள்பக்கம் தாழ்ப்பாள் சரியாக விழும் கழிவறையும்தான் அவர்களுக்கு முதல் மரியாதை. கழிவறை எப்படி இருக்குமோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வரும் அம்மாக்களை நான் அறிவேன். சிறுநீர்ச் சோதனை என்றதும் அவர்கள் திண்டாடுவார்கள்.

அடுத்தது டோக்கன். காலையில் தொலைபேசியில் முந்துகிறவர்களுக்கே எண் என்று வைத்துவிட்டால், எங்கள் ஊர்களில் சிக்னல் கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்குக் கடைசி எண்தான் கிடைக்கும். கடைசி எண் வருவதற்குள் மலைக்குக் கடைசிப் பேருந்து போய்விடும். அப்புறம் பேருந்து நிலையத்தில் இரவைக் கழிக்க வேண்டியதுதான். டோக்கன் போடும்போதே, ‘எந்த ஊர், திரும்பிப் போகப் பேருந்து எப்போது?’ என்று ஒரு வார்த்தை கேட்டு, சில எண்களை வெளியூர்க்காரர்களுக்கு ஒதுக்கி வையுங்கள். காபிப் பழம் பறிக்கும் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் அவர். நடுவில் மருந்துக் கம்பெனி ரெப்புகளும் டாக்டருக்குத் தெரிந்தவர்களும் கதவைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் எல்லாவற்றையும் விட மனதைக் கீறுகிறது. ரெப்புகளுக்கு நோயாளிகள் வராத ஒரு நேரத்தைக் குறித்துப் பலகையில் எழுதிவிட்டால் அதோடு தீர்ந்தது.

எங்கள் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களை உதவியாளர் பையன் ‘வா, இங்க உட்காரு’ என்று ஒருமையில் விரட்டிவிட்டு, அடுத்து வரும் பேன்ட் சட்டைக்காரரை ‘வாங்க சார்’ என்பான். டாக்டரும் பெரியவரைப் பார்க்காமல் கூட வந்த பேரனிடமே எல்லாவற்றையும் கேட்பார். வலி பேரனுக்கா? மருந்து உறையின்மேல் ‘1-0-1’ என்று மட்டும் எழுதாமல், சூரியனும் நிலாவும் வரைந்து, எத்தனை மாத்திரை என்று அதன் கீழே புள்ளி வைத்துக் கொடுத்தால், படிக்கத் தெரியாதவரும் வீட்டில் யாரையும் எதிர்பார்க்காமல் தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்வார்.

---

அம்மாப்பேட்டை_மருமகள் மீண்டும் எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் ஐயா எழுதிய நேரக் கணக்கை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். வெளிநாற்காலியையும் தட்டியையும் செப்பனிடுவதற்கு முன்பே போட்டுப் பார்க்கலாம் என்றார். பெஞ்சைத் தூக்கிப்போடச் சம்மதிக்கவில்லை. கூடத்துக்கு மாற்றச் சம்மதித்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் ஜன்னலை மாற்ற யோசிக்கிறார், வியாபாரம் குறையுமோ என்று. அதுவரை ஜன்னலுக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்து, மருந்து விளக்கத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. வாசலில் இரண்டு படிகள், சேர்த்து ஓரடி உயரம் வரும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை இதுவரை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றுகிறோம். சில சமயம் மாமனாரே ஆட்டோவுக்கு இறங்கி வந்து தெருவிலேயே பார்த்துவிடுகிறார். சாய்தளம் போட எவ்வளவு நீளம் வேண்டும்? முன்பக்கம் சாக்கடை ஓடுகிறது.

---

மூன்றாம்_சக்கரம் எழுதுகிறார்:

டாக்டர் இறங்கி வருவது அவர் பெருந்தன்மை; ஆனால் தெருவில் நாலு பேர் பார்க்க நாக்கை நீட்டுவது எங்களுக்குப் பிடிப்பதில்லை. மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல்களின்படி சாய்வு 1க்கு 12 என்ற அளவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லுங்கள். ‘நாலடி போதும்’ என்பார். அவ்வளவு செங்குத்தில் நாற்காலி பின்னால் சாயும், தள்ளுகிறவருக்கும் ஆபத்து.

சாக்கடையைத் தாண்டித் தெருவுக்குள் நீட்ட முடியாது என்பதால், சாக்கடைமேல் பலகைக்கல் போட்டு, வாசலுக்கு நேராக இல்லாமல் முன்சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஏறும்படி அமைக்கலாம். மேலே கதவுக்கு முன்னால் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் இல்லாவிட்டால் நாற்காலியைத் திருப்ப முடியாது. கதவின் திறப்பு மூன்றடி இருக்கட்டும். கழிவறைக் கதவுக்கும் அதே அளவு, அது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். முன்சுவர் நீளம் போதாவிட்டால், உள்ளே கூடத்தின் தரை மட்டத்தையே அரையடி இறக்க முடியுமா என்று பாருங்கள். பாதிச் சாய்தளத்தில் வேலை முடிந்துவிடும். வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம், மழை நாளில் சறுக்கும். சொரசொரப்பான சிமென்ட் பூச்சே போதும், இரண்டு பக்கமும் கைப்பிடி அவசியம்.